மார்ஷலுக்கு ஒரு சாவி கொடுங்கள்

ஃபயர் மார்ஷல் என்பதற்குத் தமிழில் ஒரு சொல் இன்னும் அமையவில்லை. அகராதிக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்படி ஓர் ஆள் நம்மிடம் இல்லை, அதனால் சொல்லும் இல்லை. நம்மிடம் இருப்பது ஒரு ஜாக்கெட் மட்டும்தான்.

பழைய மாமல்லபுரம் சாலையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டைத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலை பதினொரு மணிக்கு அலாரம் அடிக்கும். முந்தின நாளே மெயில் வந்திருக்கும்: நாளை தீ ஒத்திகை, ஒத்துழைக்கவும். கிளையன்ட் கால் இருப்பவர்கள் அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை என்று போட்டுவிடுவார்கள். மேனேஜர்கள் பத்து ஐம்பதுக்கே டீ குடிக்கக் கீழே போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் லேப்டாப்பை மூடாமல் கையில் ஏந்திக்கொண்டு படியிறங்குவோம். பார்க்கிங் ஓரத்தில் பச்சைப் பலகை, அதன் கீழே ஒரு செல்ஃபி, அப்புறம் லிஃப்ட்டுக்கு வரிசை. கட்டடம் இத்தனை நிமிடத்தில் காலியானது, அனைவருக்கும் நன்றி என்று சாயங்காலம் இன்னொரு மெயில். தணிக்கைக் கோப்பில் ஒரு தாள் சேரும். அவ்வளவுதான்.

இந்தக் கூத்தில் ஜாக்கெட் போட்டவர்தான் மார்ஷல். சிறுசேரிப் பக்கம் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடிக்கு நான் இரண்டு வருடம் மார்ஷலாக இருந்தேன். டீம் மீட்டிங்கில் "யாராவது வாலன்டியர்?" என்று கேட்டார்கள். எல்லோரும் மொபைலைக் குனிந்து பார்த்தார்கள், நான் நிமிர்ந்திருந்தேன். தேர்வு முறை அதுதான். பயிற்சி அரை நாள். தகர டிரம்மில் டீசல் ஊற்றிக் கொளுத்தி ஆளுக்கு ஒருமுறை அணைக்கவிட்டார்கள். ஊசியைப் பிடுங்கு, குழாயை நெருப்பின் அடிப்பக்கம் காட்டு, அழுத்து, இரண்டு பக்கமும் வீசு. போட்டோ எடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள்.

நெருப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவரில் தொங்குகிற அந்தச் சிவப்புச் சிலிண்டரை முழுசாக அழுத்தினால் அரை நிமிடம்கூடத் தாங்காது. குப்பைக்கூடை அளவு நெருப்புக்கு அது போதும். அதைத் தாண்டிவிட்டால் மார்ஷல் அணைப்பதற்கு ஒன்றுமில்லை. அப்போது அவருக்கு இருப்பவை மூன்று வேலைகள்: வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பது, எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று எண்ணுவது, தப்பாக நடப்பதைக் கண்டால் முடியாது என்று சொல்லி நிறுத்துவது. கதவு, கணக்கு, மறுப்பு. இந்த மூன்றுக்கும் நம் மார்ஷலுக்கு அதிகாரம் கிடையாது என்பதுதான் என் குற்றச்சாட்டு. அதிகாரம் தராமல் பொறுப்பை மட்டும் ஒருவர் தோளில் மாட்டிவிடுவது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. நாளைக்கு ஒன்று நடந்தால் பழியை ஏற்க முன்கூட்டியே ஓர் ஆளை நிறுத்திவைத்திருக்கிறோம், அவ்வளவே.

அமெரிக்காவில் ஃபயர் மார்ஷல் என்றால் பெரும்பாலும் அரசு அதிகாரி. கட்டடத்துக்குள் போய்ச் சோதிப்பார், தீப்பிடித்த காரணத்தைத் துப்புத்துலக்குவார், அரங்கில் அனுமதித்ததைவிடக் கூட்டம் அதிகம் என்றால் நிகழ்ச்சியை நிறுத்துவார். அவர் பின்னால் சட்டம் நிற்கிறது. அந்தச் சொல் கப்பலேறி இங்கே வந்தது. சட்டம் அங்கேயே இறங்கிக்கொண்டது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை.

நம்மிடம் விதியே இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. 1985இன் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி முழுக்கத் தீயையும் உயிர்ப் பாதுகாப்பையும் பற்றியதுதான். உயரமான கட்டடங்களில் முதல் இரண்டு ஆண்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ஒத்திகை நடத்த வேண்டும், மாடிக்கு மாடி பொறுப்பாளர் வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் அலுவலகங்கள் இதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகின்றன. ஆறு மாதம், ஒத்திகை, பொறுப்பாளர், எல்லாவற்றுக்கும் டிக் போட்டாயிற்று. அந்தப் பொறுப்பாளர் சொன்னால் ஒரு அட்டைப்பெட்டியாவது நகருமா என்று கேட்க மட்டும் படிவத்தில் கட்டம் இல்லை.

*

தமிழ்நாட்டில் தீ என்றால் உடனே கூரையைப் பற்றிப் பேசுவோம். காரணம் இல்லாமல் இல்லை. 1997 ஜூன் 7, தஞ்சாவூர் பெரிய கோயில் குடமுழுக்கின் யாகசாலைப் பந்தலில் 48 பேர். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 28 பேர். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேல். அதே ஆண்டு ஜூலை 16, கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். நான்கிலும் கீற்று இருந்தது. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று உத்தரவு வந்தது. சரியான உத்தரவு. அதனால் பிழைத்த குழந்தைகள் இருப்பார்கள்.

ஆனால் கூரையைக் குற்றவாளியாக்கியதில் ஒரு வசதி இருந்தது. கூரையைப் பிரித்துப் போட்டால் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடலாம். ஏர்வாடியில் இறந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். கும்பகோணத்தில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள், எழுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. தஞ்சாவூருக்கு ஆறே நாள் கழித்து, 1997 ஜூன் 13 அன்று, தில்லியின் உபஹார் தியேட்டரில் 59 பேர் மூச்சுத்திணறிச் செத்தார்கள். அங்கே கீற்று ஏது? தலைநகரத்தில், கான்கிரீட்டில் கட்டிய அரங்கம். பால்கனிக் கதவுகள் மூடியிருந்தன, வெளியேறும் வழியை மறித்துக் கூடுதல் இருக்கைகள் போட்டிருந்தார்கள். கூரை எரிவது ஒரு விபத்து. ஆள் வெளியே வர முடியாமல் போவது ஒருவர் எடுத்த முடிவு. விபத்தைப் பற்றி இருபது வருடமாகப் பேசுகிறோம், முடிவைப் பற்றிப் பேசுவதில்லை.

கீற்றுக் கூரை வேய்ந்த குடிசையைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிற ஊர் மாமல்லபுரம். திரௌபதி ரதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆயிரத்து முந்நூறு வருடமாக எரியாத கூரை. ஆனால் அதற்கும் வாசல் ஒன்றுதான். அது சாமிக்கு, பரவாயில்லை. மனிதர்களுக்கு இரண்டு வேண்டும்.

*

இப்போது கணக்குக்கு வருகிறேன். எனக்கு ஆத்திரம் வருகிற இடமும் இதுதான்.

ஒத்திகையின்போது என் கையில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். ஸ்வைப் கார்டு சிஸ்டத்திலிருந்து எடுத்த பெயர்கள். கீழே மரத்தடியில் நின்று ஒவ்வொரு பெயருக்கும் டிக் போட வேண்டும். முழு எண்ணிக்கையும் வந்துவிட்டால் ஒத்திகை வெற்றி. ஒருமுறை அலாரம் அடித்து எல்லோரும் இறங்கிய பிறகு, கழிவறைகளைப் பார்த்துவிட்டு வருவதற்காக மாடியைச் சுற்றினேன். பேன்ட்ரியில் ஹவுஸ்கீப்பிங் அக்கா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மணி அடிச்சுதே, கேக்கலையா?"

"கேட்டுச்சு தம்பி. சூப்பர்வைசரு எங்களை இங்கயே இருக்கச் சொல்லியிருக்காரு."

"ஏன்?"

"எல்லாரும் லேப்டாப்பு, பேக்கு எல்லாம் போட்டுட்டுப் போயிடுறாங்கல்ல. ஏதாச்சும் காணாமப் போனா எங்களைத்தானே கேப்பாங்க?"

ஃபெசிலிட்டீஸ் டீமில் கேட்டேன். "அவங்க வெண்டார் ரோல் சார். அவங்க கவுன்ட் வெண்டார்கிட்ட இருக்கும்" என்றார்கள். வெண்டாரின் கணக்கு தரைத்தளத்து செக்யூரிட்டி மேசையில் ஒரு நீள நோட்டு. காலையில் சூப்பர்வைசரே எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவார். யார் எந்த மாடியில் என்பது அதில் கிடையாது. பேன்ட்ரி, ஏசி ரிப்பேர் செய்ய வந்தவர், சர்வர் அறை வாசலில் நிற்கிற அண்ணன், யாரும் என் பட்டியலில் இல்லை. அன்றைக்கு உண்மையிலேயே தீப்பிடித்திருந்தால் மரத்தடியில் நான் நூற்றுக்கு நூறு என்று ரிப்போர்ட் கொடுத்திருப்பேன். தீயணைப்பு வீரர்கள் வந்து "உள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டால், பட்டியலின்படி பதில்: யாரும் இல்லை.

கதவின் கதையும் இதே மாதிரிதான். பின்பக்கப் படிக்கட்டில் பழைய மானிட்டர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. டிக்கெட் போட்டேன். எடுத்தார்கள், ‘தீர்க்கப்பட்டது’ என்று டிக்கெட்டை மூடினார்கள். அடுத்த வாரம் பெட்டிகள் திரும்ப வந்தன. கடைசிப் படியின் கதவுக்குப் பூட்டு. ஏன் என்றால் திருட்டு பயம். சாவி ரிசப்ஷனில். எனக்கு ஒரு சாவி கொடுங்கள் என்று கேட்டேன். அது பாலிசியில் இல்லையாம். வழியைக் காட்டுவதற்கு ஒருவரை நியமித்துவிட்டு, அந்த வழியின் சாவியை அவரிடம் தர மறுக்கிற பாலிசி!

திருட்டு பயத்துக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. 1911 மார்ச் 25, நியூயார்க்கின் டிரயாங்கிள் சட்டைத் தொழிற்சாலை. தையல் பெண்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். எட்டாவது மாடியில் தீ. அங்கிருந்து பத்தாவது மாடிக்குப் போன் போனது. அங்கே முதலாளிகள் இருந்தார்கள், மொட்டைமாடி வழியாகத் தப்பினார்கள். நடுவில் இருந்த ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. எச்சரிக்கைகூட எந்த மாடிக்குப் போகிறது என்பது யார் கணக்கில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நம்மூர் மட்டும் என்ன? 2008 செப்டம்பர் 1 அன்று தி.நகர் ரங்கநாதன் தெருவில் பெரிய கடை ஒன்று எரிந்தபோது இறந்த இரண்டு பேரும் கடையில் வேலை பார்த்தவர்கள். தீ வாடிக்கையாளரையும் ஊழியரையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பார்கள். பார்க்கிறது. யாருக்கு வழி தெரியும், யாரை முதலில் கூப்பிடுவார்கள், யார் பொருளுக்குக் காவல் இருக்க வேண்டும் என்று நாம் ஏற்கெனவே பிரித்து வைத்திருப்பதை அது அப்படியே எடுத்துக்கொள்கிறது.

*

ஐடி கம்பெனிகளைத் திட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்கலாம் என்றால், அங்கே நிலைமை இன்னும் மோசம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரம் முழுக்க ரிசார்ட்டுகள், ஓட்டல்கள், விருந்துத் தோட்டங்கள். தமிழ்நாட்டு விதிப்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயரடுக்குக் கட்டடம். கடலோர ஒழுங்குமுறை விதிகளால் கரையை ஒட்டி இங்கே யாரும் அவ்வளவு உயரம் கட்ட முடியாது. உயரம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று ஒரு மயக்கம் நமக்கு. மேலே சொன்ன நான்கு தமிழ்நாட்டுத் தீ விபத்துகளில் ஒன்றுகூட உயரமான கட்டடத்தில் நடந்ததில்லை. பந்தல், கொட்டகை, மண்டபம், சின்னப் பள்ளிக்கூடம்.

மாமல்லபுரத்தின் ஒத்தவாடைத் தெருவில் சாயங்காலம் நடந்து பாருங்கள். தெருவின் அகலத்தை மனதால் அளந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் தங்கும் அறைகள், மாடியில் சாப்பாட்டுக் கடைகள், கீற்று அலங்காரம், கீழே கேஸ் சிலிண்டர், நிறுத்திவைத்த பைக்குகள். ஊரிலேயே தீயணைப்பு நிலையம் இருக்கிறது, நல்ல விஷயம். வண்டி எதுவரை வரும் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு 2025 டிசம்பரில் கோவாவின் அர்போராவில் பதில் கிடைத்தது. இரவு விடுதித் தீயில் 25 பேர் இறந்தார்கள். குறுகலான வழியால் தீயணைப்பு வண்டிகள் கட்டடத்தை நெருங்க முடியாமல் தள்ளி நிற்க வேண்டியிருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள் இல்லை, அங்கே வேலை பார்த்தவர்கள். பிழைப்புக்காக வேறு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பலர். நடனமாடிய கூட்டத்துக்கு வாசல் தெரிந்தது, சமையலறைக்குத் தெரியவில்லை. நம் கடற்கரையின் சமையலறைகளில் இன்றைக்கு யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், ராத்திரி எங்கே படுக்கிறார்கள் என்று எண்ணி வைத்திருக்கிற மார்ஷல் எத்தனை ரிசார்ட்டில் இருக்கிறார்?

*

இதைச் சொன்னால் வருகிற மறுப்புகள் எனக்குப் பாடம்.

முதலாவது: தீயணைப்புத் துறை எதற்கு இருக்கிறது? கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவதும், வீட்டுக்குள் வந்த பாம்பைப் பிடிப்பதும், புயலில் சாய்ந்த மரத்தை அறுப்பதும் அவர்கள்தான். 1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஒவ்வொரு ஏப்ரலிலும் தீத்தொண்டு வாரம். அந்தத் தியாகத்தின் மேல் எனக்கு முழு மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை உள்ள நிமிடங்கள் அவர்களுடையவை இல்லை. பெரும்பாலானவர்கள் நெருப்பில் சாவதில்லை, புகையில் சாகிறார்கள். புகைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டின் டிராஃபிக் தெரியாது. அந்த நிமிடங்கள் கட்டடத்துக்குள் இருக்கிற ஆளுடையவை.

இரண்டாவது: அதிகாரம் கொடுத்தால் தப்பாகப் பயன்படுத்துவார்கள், சும்மா சும்மா அலாரம் அடித்து வேலையைக் கெடுப்பார்கள். இதை ஒரு சாஃப்ட்வேர் ஆள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆன்கால் இருக்கிற பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்காது, யாரையும் கேட்காமல் ஒரு ரிலீஸைத் திரும்ப இழுக்கலாம். காலையில் யாரும் அவனைத் திட்டக்கூடாது என்பதை நாம் பண்பாடாகவே வளர்த்திருக்கிறோம். ஒரு செயலி விழுந்துவிடக்கூடாது என்பதற்காகக் கொடுத்த அந்த அதிகாரத்தை, ஆட்கள் விழுந்துவிடக்கூடாது என்பதற்குக் கொடுக்கத் தயங்குகிறோம்.

மூன்றாவது: இதெல்லாம் சடங்குப்பா, நம்ம ஊர்ல யார் சீரியஸா எடுத்துப்பாங்க? இதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் கல்பாக்கம் இருக்கிறது. அணுமின் நிலையத்துக்கு வெளியே சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து மாவட்ட நிர்வாகம் அவசரநிலை ஒத்திகை நடத்துகிறது. கிராமத்து ஜனங்களை ஊழியர் இல்லை என்று யாரும் பட்டியலிலிருந்து விடுவதில்லை. ஆக, எப்படிச் செய்வதென்று இந்த மாவட்டத்துக்குத் தெரியும். ரிசார்ட்டின் சமையலறைக்கும் ஆஃபீஸ் பேன்ட்ரிக்கும் அந்த அக்கறை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

மார்ஷல் வேலை ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி ரிக் ரெஸ்கோர்லா. நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர். 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு ஊழியர்களை விடாமல் ஒத்திகை இறங்க வைத்தார். பெரிய சம்பளக்காரர்கள் முணுமுணுத்தார்கள், அவர் விடவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று பக்கத்துக் கோபுரம் தாக்கப்பட்டதும், இங்கேயே இருங்கள் என்று ஒலிபெருக்கியில் வந்த அறிவிப்பை மீறித் தன் ஆட்களைப் படியிறக்கினார். ஏறத்தாழ 2,700 பேர் பிழைத்தார்கள். மிச்சம் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கத் திரும்ப மேலே ஏறியவர் வரவில்லை.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் அவருடைய வீரத்தைச் சொல்வார்கள். நான் அவருடைய பதவியைச் சொல்கிறேன். அவர் அந்த நிறுவனத்தில் துணைத் தலைவர். வர்த்தகத்தை நிறுத்திவிட்டு எழுந்திரு என்று அவர் சொன்னால் எழுந்தாக வேண்டும். அதே வீரத்தை ஒரு கான்ட்ராக்ட் செக்யூரிட்டிக்குக் கொடுத்துப் பாருங்கள், எழுந்தே இருக்க மாட்டார்கள். நாம் ரெஸ்கோர்லாவின் வீரத்தை எதிர்பார்த்து, ஜாக்கெட்டை மட்டும் கொடுக்கிறோம்.

*

நான் கேட்பது பெரிய காசு பிடிக்கிற காரியம் இல்லை.

மார்ஷலிடம் எல்லா வெளிவழிக் கதவுகளின் சாவியும் இருக்கட்டும். அதைவிட நல்லது, உள்ளிருந்து தள்ளினால் சாவியே இல்லாமல் திறக்கிற கதவு. ஒத்திகை சொல்லாமல் வரட்டும், வருடத்தில் ஒன்றாவது ராத்திரி ஷிஃப்ட்டில் நடக்கட்டும். கூரைக்குக் கீழே இருக்கிற எல்லோருக்கும், சம்பளம் யார் கொடுத்தாலும், ஒரே பட்டியல் இருக்கட்டும். பொருளுக்குக் காவல் இருக்கச் சொல்லி யாரையும் மாடியில் நிறுத்துவது குற்றமாகட்டும். படிக்கட்டில் பெட்டி இருந்தால் அந்த மாடியை மூடும் உரிமை மார்ஷலுக்கு எழுத்தில் இருக்கட்டும், அதைப் பயன்படுத்தியதற்காக அப்ரைசலில் கைவைக்க முடியாது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். அவருடைய அறிக்கை ஃபெசிலிட்டீஸ் டீமோடு நிற்காமல் நிலைய அலுவலருக்கும் ஒரு நகலாகப் போகட்டும். மாமல்லபுரத்து ரிசார்ட்டுக்கும் சிறுசேரி டவருக்கும் மறைமலை நகர் தொழிற்சாலைக்கும் இது ஒரே விதியாக இருக்கட்டும். 2019இல் பிறந்த இளம் மாவட்டம் இது. ஒரு நல்ல பழக்கத்தைத் தொடங்குவதற்குச் சரியான வயது.

இதற்கெல்லாம் அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளை ஆஃபீஸ் போனதும் லிஃப்ட்டில் ஏறுவதற்கு முன் உங்கள் மாடியின் பின்படிக்கட்டைக் கீழிருந்து மேல்வரை ஒருமுறை ஏறிப் பாருங்கள். எந்தக் கதவு திறக்கவில்லையோ அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். அப்புறம் பேன்ட்ரிக்குப் போய், உங்களுக்குத் தினம் டீ கொடுக்கிறவரின் பெயர் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயர் மார்ஷலின் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், சேர்க்கிறவரை தினமும் ஒரு மெயில் போடுங்கள். இதற்கு ஜாக்கெட் தேவையில்லை.